மீனுக்குப் போன கண்டம்

முதல் மீன் செத்த அன்றைக்கு முத்துசாமி வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். அதுதான் புவனேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

தொட்டி வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. விடிகாலையில் அரைத்த மாவை வாளிகளில் வழித்து வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தவள், தங்கமீன் ஒன்று வயிற்றை மேலே காட்டியபடி பிளாஸ்டிக் கோட்டையின் ஓரத்தில் மிதப்பதைக் கண்டாள். மற்றவை தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தன. பதறிப்போய்ப் புருஷனைக் கூப்பிட்டாள். பல் விளக்கிக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு வந்து எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

“போச்சு போ. ஒண்ணு கழிஞ்சுது,” என்றான்.

மகளுக்குத் திருச்சிக் காலேஜில் இடம் கிடைத்தபோதுகூட அந்த முகம் அவ்வளவு மலர்ந்ததாக அவளுக்கு நினைவில்லை. செத்ததை வாலைப் பிடித்துத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டான். கை கழுவினான். தோசைக்கு உட்கார்ந்தான். அப்புறம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே டிப்பர் லாரியை எடுத்துக்கொண்டு சுண்ணாம்புக்கல் லோடுக்குக் கிளம்பிப் போனான். லாரி தெருமுனையில் திரும்பிய வேகத்தில் எதிர்வீட்டுக் கோழி இறக்கையை அடித்துக்கொண்டு திண்டாடியது.

இந்தத் தொட்டி வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி மழையில், சுரங்கத்துக்குப் போகும் செம்மண் ரோட்டில், முழு லோடோடு முத்துசாமியின் லாரி சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். ஆனால் அவன் மனசு அந்தப் பள்ளத்திலேயே கிடந்தது. ராத்திரியில் தூக்கத்தில் காலை உதைத்து பிரேக்கை மிதித்தான். புவனேஸ்வரியும் அந்த மாதம் முழுக்கக் கட்டின தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எழுந்தாள். பயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதற்கு மருந்து தேடிப் போன இடம்தான் வேறு வேறாகிவிட்டது.

பட்டறை வைத்திருக்கும் ராசாங்கம் லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, டயரெல்லாம் வழுக்கையாகிவிட்டது, பிரேக் கட்டையும் தேய்ந்து அட்டையாகிவிட்டது, மாற்றாமல் ஓட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி பள்ளம்தான் என்று சொன்னான். முத்துசாமி தலையை ஆட்டிக்கொண்டான். குன்னத்தில் வாழ்க்கைப்பட்ட அவன் அக்கா சாந்தாவோ தம்பியைக் கையோடு குரும்பலூர்ப் பக்கம் ஒரு ஜோசியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வாகனத்தால் கண்டம், வரும் ஆடி கழிகிற வரைக்கும் ஆகாது, வீட்டின் ஈசானிய மூலையில் மீன்தொட்டி வை, அதில் ஒரு கருப்பு மீன் கட்டாயம் இருக்கணும், மீன் ஒவ்வொன்றாகச் சாகச் சாக உனக்கு வருவதை அது வாங்கிக்கொள்ளும் என்று அவர் சொல்லிவிட்டார். திரும்பும் வழியிலேயே பெரம்பலூரில் இறங்கி அக்காளும் தம்பியுமாகத் தொட்டி, கூழாங்கல், பில்டர், கோட்டை, மீன் எல்லாம் வாங்கி, லாரியிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள்.

டயரை மட்டும் மாற்றவில்லை. கேட்டதற்கு, அதுக்குத்தான் இது வந்துடுச்சே என்றான்.

டயரைவிட மீன் சல்லிசு. இதைப் புவனேஸ்வரி மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோதே அவளுக்கு உடம்பு எரிந்தது.

இத்தனைக்கும் தொட்டியைப் பார்த்துக்கொள்வது யார்? ஜோசியரா, சாந்தாவா? வீட்டில் மாவு அரைத்து, தயிர் உறைய வைத்து, தெரு முழுக்க விற்கிறவள் அவள்தான். ஓடுகிற கிரைண்டருக்கு நடுவே மீனுக்குத் தீனி போடுகிறவளும் அவள்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் விரலைப் பார்த்து வாலை ஆட்டுகிற உயிரைச் சாவதற்கென்றே வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றால், யாருக்குத்தான் ஆத்திரம் வராது? ஆட்டை வளர்த்து வெட்டுகிறவன்கூட வெட்டுகிற நாள் வரைக்கும் அது நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தழை ஒடித்துப் போடுவான்.

மிச்ச மீன்களையாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் சுத்தம். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டைக் கழுவி விடும்போது தொட்டியையும் காலி செய்தாள். கூழாங்கல்லைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். பில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சைச் சோப்புப் போட்டு, துணி பிழிகிற மாதிரி பிழிந்து, வெயிலில் காய வைத்தாள். மருந்து வாடை அடிக்கிற குழாய்த் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பினாள். தொட்டி ஸ்படிகம் மாதிரி மின்னியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்று செத்தது. அடுத்த வெள்ளிக்கு இன்னும் நன்றாகத் தேய்த்தாள். இரண்டு செத்தன.

ஒவ்வொரு சாவுக்கும் முத்துசாமி அன்று சிங்கம் மாதிரி லாரி ஏறிப் போனான். சாயங்காலம் வரும்போது புதிசாக ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மீன் கொண்டுவந்தான். குன்னத்துக்குப் போன் பறந்தது. சாந்தா அங்கிருந்தே எண்ணிக்கை கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் புவனேஸ்வரி அரியலூரில் தானே பஸ் ஏறிப் பெரம்பலூர் மீன்கடைக்குப் போய்விட்டாள். கடைக்காரன் விக்கி சின்ன வயசுக்காரன். செல்லைக் காதில் வைத்தபடியே மீன் பிடித்துப் பையில் போடுகிறவன். நோய் பிடித்த மீனைத் தலையில் கட்டுகிறாயா என்று கேட்டே விட்டாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

“மீனுன்னா சாகத்தானேக்கா செய்யும். நீங்க வாஸ்துக்குத்தானே வாங்குனீங்க? அப்புறம் செத்துப்போச்சுன்னு சண்டைக்கு வரீங்களே.”

பக்கத்தில் நின்ற இன்னொரு ஆள் சிரித்தான். அது போதாதென்று விக்கி ஒரு நீல மருந்துப் புட்டியையும், தண்ணீரைச் சூடு பண்ணுகிற ஹீட்டர் ஒன்றையும் எடுத்துக் காட்டினான். அரியலூர் வெயிலில் வெறுங்காலோடு ரோட்டைக் கடந்து பார்த்துவிட்டு அப்புறம் ஹீட்டர் விற்கச் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். இறங்கினாளே தவிர, கண்ணில் தண்ணீர் நின்றது. சாகிறதை விற்கிறவனும் சரி, வாங்குகிறவனும் சரி, இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. குறை அவளுக்கு மட்டும்தான்.

தை மாசத்தில் அவள் அம்மா வீடு இருக்கிற வாலிகண்டபுரத்துக்குப் பொங்கல் முடிந்து போயிருந்தபோது கடைவாய்ப் பல் குடைந்தது. பெரம்பலூரில் பல் டாக்டரிடம் போனாள். காத்திருக்கும் இடத்தில் நீளமாக ஒரு தொட்டி. உள்ளே பாசி படர்ந்த கல்லும், வேர் விட்ட செடியும். அவற்றுக்கு நடுவே மீன்கள் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. புவனேஸ்வரிக்குப் பல்வலி மறந்துபோனது. மூலையில் ஓடிய பில்டரின் ஸ்பாஞ்சு மட்டும் கஷாயம் நிறத்தில் அழுக்கேறிக் கிடந்தது.

சீட்டு எழுதுகிற பெண்ணின் பெயர் பிரவீணா. அவளிடம், இவ்வளவு நல்ல தொட்டியில் அந்த ஸ்பாஞ்சை மட்டும் துவைக்காமல் விட்டிருக்கிறீர்களே என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஐயோ, அதைத் துவைச்சா அன்னிக்கே மீனெல்லாம் போயிடும்க்கா,” என்றாள் பிரவீணா. “மீனு போற கழிவு தண்ணியில விஷமாச் சேரும். அதைத் தின்னுற கிருமி அந்த அழுக்குலதான் குடியிருக்கு. தொட்டித் தண்ணியையே கொஞ்சம் மொண்டு அதுல லேசா அமுக்கி எடுக்கணும். சோப்பா? சோப்பு வாடையே ஆகாது.”

புவனேஸ்வரி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கா தெரியாது? இருபது வருஷமாகத் தயிர் விற்கிறவள். முந்தின நாள் மோரில் ஒரு கரண்டி இல்லாமல் எந்தப் பால் உறைந்திருக்கிறது? உறைமோர் வைக்கிற கிண்ணத்தை அவள் வீட்டில் யாராவது சோப்புப் போட்டுக் கழுவினால் கையை உடைத்துவிட மாட்டாளா? அதே கையால் வெள்ளிக்கிழமை தவறாமல் தொட்டியின் உறையைத் தேய்த்துத் தேய்த்துச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறாள். அவர்கள் சாகட்டும் என்று வாங்கி வந்தார்கள். அவள் சுத்தபத்தமாகக் கொன்றிருக்கிறாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தன்மேலேயே கோபப்பட்டாள்.

அப்புறம் கூச்சத்தை விட்டு, அந்த ஸ்பாஞ்சில் கொஞ்சம் கிடைக்குமா, உறைக்கு, என்று கேட்டாள். பிரவீணாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக விளக்கு வைக்கிற நேரத்தில் உறைமோர் கேட்டால் எங்கள் வீட்டில் தர மாட்டார்கள், இதற்குச் சாஸ்திரம் ஒன்றும் இல்லை என்று சொல்லி, கத்தரிக்கோலால் ஒரு துண்டு வெட்டித் தொட்டித் தண்ணீரோடு பையில் முடிந்து கொடுத்தாள். மீன் வாங்க அவசரப்படாமல் தொட்டியைச் சும்மா ஓட விடச் சொன்னாள். தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடச் சொன்னாள். அது ஊறிக் கெடுவதைத் தின்று கிருமி பெருகுமாம். அரியலூர்த் தண்ணீர் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் பத்துப் பிடிக்கிற தண்ணீர் ஆயிற்றே என்று இவள் கவலைப்பட்டதற்கு, அந்த மாதிரி கடினமான தண்ணீருக்கு மோலி மீன் கொண்டாட்டமாக இருக்கும், அதில் கருப்பும் உண்டு என்றாள்.

பல்லைப் பிடுங்கிய வாயில் பஞ்சோடும், மடியில் பையோடும் புவனேஸ்வரி அரியலூர் பஸ்ஸில் வந்தாள். அவ்வளவு பத்திரமாக அவள் நகையைக்கூடக் கொண்டுவந்தது கிடையாது.

மிஞ்சியிருந்த ஒற்றைத் தங்கமீனும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. புது மீனுக்குக் கிளம்பிய முத்துசாமியை வாசலில் மறித்து, இந்தத் தடவை நான் சொல்லும்போதுதான் மீன் என்று சொல்லிவிட்டாள். போர்த் தண்ணீரைப் பிடித்துக் கொல்லையில் இருந்த கருப்பு டிரம்மில் ஒருநாள் ஆற விட்டு ஊற்றினாள். கூழாங்கல்லை வெறும் தண்ணீரில் அலசிப் பரப்பினாள். பிளாஸ்டிக் கோட்டையைத் தூக்கிப் போட்டாள். அழுக்கு ஸ்பாஞ்சைப் பில்டருக்குள் செருகி ஓட விட்டு, வெறும் தொட்டிக்குத் தினம் காலையில் தீனி போட்டாள்.

முத்துசாமிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. மீனே இல்லாத தொட்டிக்கு இவள் சோறு போடுகிறாள் என்று அக்காளுக்குப் போன் போட்டான். சாந்தா மறுநாளே வந்து இறங்கினாள். ஈசானிய மூலையில் வெறும் தொட்டி ஓடுவது வீட்டில் காலிப் பாடை வைத்திருக்கிற மாதிரி என்று கத்தினாள். தண்ணீர் வேறு மங்கலாகக் கஞ்சி மாதிரி இருந்தது. அதைக் காட்டிக் காட்டிக் கேட்டாள். புவனேஸ்வரி, உறைந்துகொண்டிருக்கிறது அண்ணி, அசைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னாள். அதற்குத்தான் சாந்தா கேட்டாள்:

“என் தம்பி உசிரைவிட மீனு உசிரு ஒனக்குப் பெருசாப் போச்சா?”

புவனேஸ்வரிக்கும் ராத்திரி தூக்கத்தில் அவன் கால் உதைபடுவது தெரியும். இந்த இரண்டையும் ஏன் ஒரே தராசில் வைக்கிறார்கள் என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததைச் சொல்லத் தெரியாமல் கிரைண்டரைப் போட்டுவிட்டாள். சத்தத்தில் சாந்தா திட்டியது கேட்கவில்லை.

மாசி பிறக்கும்போது தண்ணீர் தானாகத் தெளிந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தபோது வந்த பளபளப்பு இல்லை இது. கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஒரு நிதானம். புவனேஸ்வரி போய் ஐந்து ஆரஞ்சு மோலியும் ஒரு கருப்பு மோலியும் தொட்டிக்கு ஒரு செடியும் வாங்கி வந்தாள். செடியை ஊன்றி, மீனைப் பையோடு தொட்டியில் மிதக்க விட்டு, தண்ணீரும் தண்ணீரும் பழகிய பிறகு திறந்து விட்டாள். முத்துசாமி அடுத்த நாள் காலை ஆவலாக வந்து பார்த்தான். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அதற்கடுத்த நாளும் பார்த்தான். ஒரு வாரம் போயிற்று. பங்குனி போயிற்று. மீன் சாகவில்லை.

அவன் சோறு இறங்காமல் தவித்தான்.

சாகாத மீனைப் பார்க்கப் பார்க்க, கழியாத கண்டம் தன் தலைக்கு மேலேயே தொங்குகிறது என்று ஆகிவிட்டது அவனுக்கு. சித்திரையில், யாரும் சொல்லாமலே, ராசாங்கத்தின் பட்டறையில் லாரியை விட்டுப் பத்து டயரையும் மாற்றினான். பிரேக் கட்டையும் மாற்றினான். கிளம்புகிற நேரத்தில் இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிப் பார்த்தான். காற்று குறைந்த டயர் சத்தத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும். சுரங்கத்து ரோட்டில் மாட்டுவண்டி மாதிரி போகிறான் என்று மற்ற டிரைவர்கள் கேலி பண்ணுவதாக ராசாங்கம் தயிர் வாங்க வந்தபோது சொன்னான். கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போகிறவன் மாதிரி பெல்ட் எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்கிறானாம். புவனேஸ்வரியும் சிரித்தாள். அதை மீனோடு சேர்த்து அவள் அப்போது யோசிக்கவில்லை. புத்தி வந்திருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வைகாசியில் தொட்டியில் குஞ்சு வந்தது. மோலி முட்டை இடாதாம், குட்டியாகவே போடுமாம். செடிக்கு அடியில் கண்ணும் வாலுமாகக் கடுகு சிதறின மாதிரி ஓடியதைப் பார்த்து அவள் கிரைண்டரை நிறுத்தக்கூட மறந்துபோனாள். முத்துசாமி தலையில் கை வைத்துக்கொண்டான். ஜோசியருக்குப் போன் போட்டு, செத்தால் கண்டம் கழியும் என்றீர்களே, பிறந்தால் என்ன கணக்கு என்று கேட்டான். அவர் நேரில் வரச் சொல்லிப் போனை வைத்துவிட்டாராம்.

ஆடி பிறந்தது. ஜோசியர் சொன்ன கெடுவுக்கு அதுதான் கடைசி மாசம். அமாவாசை அன்று விடியும்போதே சாந்தா முதல் பஸ்ஸில் குன்னத்திலிருந்து வந்துவிட்டாள். தம்பிக்கு ஆரத்தி எடுக்க வந்ததாகச் சொன்னாள். நல்ல நாளும் அதுவுமாக நாத்தனாரிடம் என்ன சண்டை என்று புவனேஸ்வரி காபி கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் மாவுக்குப் போனாள். கூடத்தில் முத்துசாமியைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செக்கச்செவேல் என்ற தண்ணீரைத் தட்டில் வைத்துச் சுற்றினாள் சாந்தா. ஆரத்தித் தண்ணீரை வாசலில் ஊற்றுவதுதான் ஊர் உலகத்து வழக்கம். சாந்தா திரும்பி நடந்து ஈசானிய மூலைக்குப் போய், தட்டோடு தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். தட்டு மட்டும் இல்லை. சொம்பில் கரைத்து வைத்திருந்த மிச்சத்தையும் ஊற்றினாள்.

புவனேஸ்வரி கை மாவோடு வந்தபோது தொட்டி முழுக்கச் சிவப்பு. அதற்குள் மீன்கள் கண்ணாடியில் மோதி மோதித் துள்ளிக்கொண்டிருந்தன. ஒன்று வெளியே தாவித் தரையில் விழுந்தது. அதை அள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, டிரம்மில் எப்போதும் ஆறிக் கிடக்கும் தண்ணீரில் விட்டாள். திரும்பி வந்தாள். வலையை விட்டுத் துழாவினாள். சிவப்பில் ஒன்றும் தெரியவில்லை. கையை முழங்கை வரை விட்டு, தட்டுப்பட்டதை எல்லாம் வாரிச் சொம்பில் போட்டுக்கொண்டு ஓடினாள். இடையில் ஸ்பாஞ்சையும் பிடுங்கிக்கொண்டு போய் டிரம்முக்குள் போட்டாள். அத்தனை ஓட்டத்தையும் முத்துசாமி நெற்றியில் ஆரத்திப் பொட்டோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

“விடுடி,” என்றாள் சாந்தா. “போறது போவட்டும். மாசக்கணக்கா ஒண்ணையும் சாக விடாம வச்சிருந்து, அவன் கண்டத்த அவன் தலையிலயே கட்டப் பாக்குற நீ.”

புவனேஸ்வரி நின்றாள். மாவும் மஞ்சளும் சுண்ணாம்புமாகக் கை முழுக்க வழிந்துகொண்டிருந்தது.

“அண்ணி, அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டீங்க. எந்த உசிரு பெருசுன்னு. எனக்கு ரெண்டும் வேணும். ஒண்ணக் கொன்னாத்தான் இன்னொண்ணு பொழைக்கும்னு எவன் சொன்னானோ, அவன் வூட்டுத் தொட்டியில போயி இந்தத் தண்ணிய ஊத்துங்க.”

சாந்தா தம்பியைப் பார்த்தாள், அவன் கேட்பான் என்று. முத்துசாமி பொண்டாட்டியைக் கண்டிக்கவும் இல்லை, அக்காளைக் கண்டிக்கவும் இல்லை. அவன் தோள் இரண்டும் இறங்கியிருந்தன. மாதக்கணக்காக இறுகிக் கிடந்த தாடை தளர்ந்திருந்தது. அந்த முகத்தைப் புவனேஸ்வரிக்குத் தெரியும். கார்த்திகையில் ஒவ்வொரு செத்த மீனுக்கும் பார்த்த முகம். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து விரலில் சுழற்றிக்கொண்டே வாசலுக்குப் போனான். கதவுக்குப் பின்னால் இரும்புத் தடி சாத்தி வைத்தது வைத்தபடி இருந்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டு முணுமுணுப்பு கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டயர் மாறியது, தடி தட்டியது, மாட்டுவண்டி வேகத்தில் போனது, எல்லாம் மீன் உயிரோடு இருந்த மாதங்களில்தான். சிங்கம் மாதிரி ஏறிப் போனது செத்த நாட்களில். இந்த ஆள் பயந்தால்தான் பார்த்து ஓட்டுகிறான். இவன் பயத்தைத்தான் இவர்கள் மீனை விட்டுக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள். ஆடி மாசத்துக் காற்று வேறு வெளியே மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. முன்னால் போகிற வண்டி தெரியாது.

வாசற்படியில் நின்று அவன் உள்பக்கமாகக் குரல் கொடுத்தான்.

“எத்தனை போச்சு?”

எவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டான். பால் பாக்கெட் எத்தனை என்று கேட்கிற மாதிரி. அவள் அதற்குள் தொட்டியில் மிஞ்சியதையும் வாரிக்கொண்டு கொல்லைக்குத் திரும்பி, டிரம்மின் ஓரத்தில் குனிந்து, கடைசிச் சொம்புத் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு மீன்கள் ஒவ்வொன்றாக நழுவி இறங்கின. கருப்பு மட்டும் சொம்பின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் அசையவில்லை. விரலால் தொட்டாள். அசையவில்லை. அதை உள்ளங்கையில் எடுத்து மூடிக்கொண்டாள்.

“ஒண்ணும் போவல,” என்றாள்.

பாட்டு நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு அவன் கொல்லைக்கே வந்துவிட்டான். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தான். சாந்தாவும் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தாள். ஸ்பாஞ்சைச் சுற்றி ஆரஞ்சு மீன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. இரண்டு மூன்று குஞ்சுகள்கூடத் தென்பட்டன.

“கருப்பு?” என்றான்.

“அடியில நிக்குது.”

“காணலையே.”

“கருப்பு டிரம்முல கருப்பு மீனு எங்கேர்ந்து தெரியும்? பயந்து போயிக் கெடக்கு. வேணும்னா சாயங்காலம் வந்து பாருங்க. வந்து பாக்குறதுக்கு நீங்களும் பத்திரமா வரணும்ல.”

அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். இருட்டுத் தண்ணீரில் அவன் முகமே அவனைப் பார்த்திருக்கும். நிமிர்ந்தபோது தாடை பழையபடி இறுகியிருந்தது. சாந்தா, எல்லாம் போயிருக்கும் தம்பி, இவள் பொய் சொல்கிறாள் என்றாள். அவன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவனுக்கு அதுதான் நல்ல செய்தி, ஆனால் நல்ல செய்தியை நம்பத் தைரியம் வேண்டும். அவனிடம் அது இருந்ததே இல்லை. நெற்றிப் பொட்டை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே வாசலுக்கு நடந்தான். போகிற போக்கில் கதவுக்குப் பின்னால் கை நீண்டது.

“கையில என்னாடி வச்சிருக்க?” என்றாள் சாந்தா.

புவனேஸ்வரி கருவேப்பிலைச் செடியின் அடியில் உட்கார்ந்து, நாத்தனாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையால் மண்ணைக் கிளறினாள். வாசலில் இரும்புத் தடி டயரில் விழும் சத்தம் கேட்டது. ஒன்று. அப்புறம் இன்னொன்று. அவன் அவசரப்படவில்லை, சக்கரம் சக்கரமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பத்தும் முடிந்து, கதவு சாத்தி, லாரி மெதுவாக நகர்கிற வரைக்கும் அவள் விரலைப் பிரிக்கவில்லை.

இந்தச் சாவை அவள் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.